நிக்கோலா நாளில் நின்றவன்

மிலுன் வீட்டு ஸ்லாவாவுக்குப் பதினோரு வருஷம் ஊரிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. வந்ததெல்லாம் மைத்துனன் சிமா மட்டும்தான். அவனும் அக்காளின் முகத்துக்காக வருவான், மீனைத் தின்பான், பனியைப் பற்றியும் பல்வலியைப் பற்றியும் பேசுவான், இருட்டுவதற்குள் பஸ் பிடித்துவிடுவான்.

ஸ்லாவா என்பது குடும்பத்தைக் காக்கிற புனிதரின் நாள். அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. மிலுனின் குடும்பத்துக்கு நிக்கோலா, டிசம்பர் பத்தொன்பது. அதற்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நாள் ஊருக்கே தெரியும், கதவு திறந்திருக்கும், வருகிறவன் வருவான். வந்தவன் பகையாளியானாலும் அவன் கன்னத்தில் மூன்று முத்தம் வைத்து, ஒரு கிண்ணம் ரக்கியா, அதாவது பழச்சாராயம், ஊற்றித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரன் அன்று உட்காரக் கூடாது. காலையில் மெழுகுவத்தி ஏற்றியதிலிருந்து கடைசி ஆள் படியிறங்குகிறவரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும். இந்த ஊரில் ஒருவனைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் அவனோடு சண்டை போட மாட்டார்கள். தெருவில் பார்த்தால் சிரிப்பார்கள், தீப்பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். ஸ்லாவாவுக்கு மட்டும் போகமாட்டார்கள்.

மிலுன் செய்தது இதுதான். நூற்பாலையில் அவன் மேஸ்திரி. வேலைநிறுத்தம் நடந்த வருஷம், முப்பத்தோராம் நாள் காலையில், பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போனான். ஏன் போனாய் என்று கேட்டால் அவனிடம் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பயந்துவிட்டான். அவனைப் பார்த்து இருபது முப்பது பேர் போனார்கள், வேலைநிறுத்தம் உடைந்தது. ஆறு மாதத்தில் ஆலையையும் இழுத்து மூடிவிட்டார்கள். உள்ளே போனவனுக்கும் வேலை இல்லை, வெளியே நின்றவனுக்கும் இல்லை. வாசலில் முப்பத்தொரு நாளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சங்கத் தலைவர் ப்ளாகோயே மிலுனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த டிசம்பரில் நிக்கோலா நாளுக்கு அவர் வரவில்லை. அவர் போகாத வீட்டுக்கு யார் போவார்கள்?

மிலுன் மட்டும் ஒவ்வொரு வருஷமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, முப்பது பேருக்கு மேஜை விரித்து, காலை எட்டு மணிக்கு நிற்பான். சாயங்காலம் வரை நிற்பான். மனைவி ஸ்தானா முதல் இரண்டு வருஷம் அழுதாள். அப்புறம் மீனைக் குறைவாக வாங்க ஆரம்பித்தாள்.

"உக்காரு மிலுன். யாரு பாக்கிறா?"

"புனிதர் பாக்கிறாரு."

"அவரும் சிமாகூட பஸ் ஏறிப் போயாச்சு. உக்காரு."

உட்கார மாட்டான். பிடிவாதத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, வுகாஷின். வீட்டில் வூலெ என்று கூப்பிடுவார்கள். ஆலை மூடியபோது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவனோடு யாரும் சேரவில்லை என்பதால் சுவரோடு பந்து விளையாடினான். சுவர் திருப்பி அடிக்கிற பந்து எந்தப் பக்கம் வரும் என்று அவனுக்கு அத்துப்படி. பதினான்கு வயதில் பெல்கிராட்டில் ஒரு பெரிய கிளப் கூட்டிக்கொண்டு போனது. ஒரு அறைக்கு நாலு பையன்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்கு ஒரு போன். ஐந்து வருஷம் அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் வயதில், ஒரு அக்டோபர் சனிக்கிழமை, நகரத்தின் இரண்டு பெரிய கிளப்புகளும் மோதிய ஆட்டத்தில், முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது அவனை மாற்றாக இறக்கினார்கள். மூலையிலிருந்து வந்த பந்து யார் யார் மேலோ பட்டு, கடைசியில் அவன் கணுக்காலில் மோதி வலைக்குள் உருண்டது. அவ்வளவுதான். மறுநாள் நாட்டில் அவன் முகம் இல்லாத பேப்பர் இல்லை.

"அப்பா, அதை நான் அடிக்கலை. அது என்மேல பட்டுது" என்று போனில் சொன்னான்.

"பட்டா என்ன, அடிச்சா என்ன, உள்ள போச்சுல்ல? வாயை மூடிட்டு சிரி" என்றான் மிலுன்.

அப்புறம் நிஜமாகவே ஆட ஆரம்பித்தான். ஏழு ஆட்டத்தில் ஐந்து கோல். அடிப்பவன் சாதாரணப் பையன் இல்லை என்று பார்க்கத் தெரிந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு அவன் கை வேண்டும், தோள் வேண்டும், பக்கத்தில் நின்று படம் வேண்டும். கடைக்குப் போனால் ரொட்டி வாங்க முடியவில்லை, ரொட்டியின்மேல் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒருவன் தெருவில் நிறுத்திப் பிறந்து பத்து நாளான குழந்தையை அவன் கையில் வைத்துவிட்டு, போனை எடுக்கத் தன் பையைத் துழாவிக்கொண்டே நின்றான். ஏஜெண்ட் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். எப்படிச் சிரிக்க வேண்டும், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். வூலெ கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினான். தூக்கம் போயிற்று. சாப்பிட்டது நிற்கவில்லை.

இங்கே ஊரிலும் சும்மா இருக்கவில்லை. பஸ் நிலையத்துச் சுவரில் அவன் முகத்தை வரைந்தார்கள். பேக்கரிக்காரன் பாலாடைக்கட்டி பன்னுக்கு அவன் பெயரை வைத்தான். மிலுன் சந்தைக்குப் போனால் கூட்டம் விலகி வழி விட்டது. பதினோரு வருஷம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள் நின்று பேசினார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். மிலுன் பட்டப்பகலில், வெயிலே இல்லாத நவம்பரில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தான். அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

டிசம்பர் பதினான்காம் தேதி பையன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தான். தலையில் குல்லாய், முழங்காலில் தடித்த கட்டு. வந்ததும் அம்மாவிடம் வாசல் கதவைப் பூட்டச் சொன்னான். போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினான்.

"உள்ள சவ்வு லேசா கிழிஞ்சிருக்குப்பா. மூணு வாரம் கால்ல பாரம் போடாம படுத்திருந்தா தானா ஒட்டிக்கும்னு டாக்டர் சொல்றாரு. இல்லேன்னா கத்திதான்."

"பேப்பர்ல ஒண்ணும் வரலையே?"

"வரக்கூடாது. ஜனவரியில இத்தாலிக்காரங்க உடம்பைச் சோதிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து வாங்கறாங்க. அதுவரைக்கும் நொண்டறது யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு ஏஜெண்ட் சொல்றான். ஹோட்டல்ல இருந்தா எவனாவது படம் எடுத்துருவான். எங்க வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்."

கடைசி வாக்கியத்தை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜத்தைச் சொன்னான். மிலுனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

நாலு நாள் பையன் பின்கட்டு அறையில் படுத்துக் கிடந்தான். ஸ்தானா சூப்பு வைத்துக் கொடுத்தாள், வீக்கத்தின்மேல் முட்டைக்கோஸ் இலையைச் சுற்றிக் கட்டினாள். ஒரு மத்தியானம் அவன் தன் அம்மாவிடம், "எல்லாரும் எங்கிட்ட என்னமோ கேக்கிறாங்கம்மா. என்ன கேக்கிறாங்கன்னு தெரிஞ்சாக் குடுத்துட்டுப் போயிடலாம். தெரிய மாட்டேங்குது" என்று சொன்னான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பையன் அன்று ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

மிலுன் அந்த நாலு நாளும் சந்தையில் இருந்தான். முப்பது கிலோ கெண்டை மீன் வாங்கினான், எதிர்வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பெஞ்சு இரவல் வாங்கினான். பேக்கரிக்காரன் அவனிடம், "நிக்கோலாவுக்குத் தம்பி வீட்ல இருப்பாருல்ல?" என்று கேட்டிருந்தான். "ஸ்லாவா அன்னைக்குப் பிள்ளை வேற எங்க இருப்பான்?" என்று இவன் சொல்லியிருந்தான். கூப்பிடவில்லை. கூப்பிடுவது எங்கள் வழக்கமில்லை. சொல்லத்தான் சொன்னான்.

பத்தொன்பதாம் தேதி. நாலைந்து நாளாகத் தெற்குக் காற்று அடித்துக் கூரைப் பனியெல்லாம் உருகி, வெயிலும் அடித்தது. முற்றம் முழுக்கச் சேறு. காலை எட்டு மணிக்குப் பாதிரியார் வந்தார். திருநாள் ரொட்டியை வீட்டுக்காரன் அவரோடு சேர்ந்து பிடித்துத் திருப்பி, வெட்டி, ஒயின் ஊற்ற வேண்டும். மிலுன் ரொட்டியிலிருந்து தன் கையை எடுத்தான்.

"சாமி, இந்த வருஷத்துலேர்ந்து வீட்டுக்காரன் இவன். ஸ்லாவாவை இவன் கையில குடுக்கறேன்."

வூலெ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அப்பாவைப் பார்த்தான். பாதிரியார் முன் என்ன பேசுவது? கையை நீட்டி ரொட்டியைப் பிடித்தான். அப்பன் தருகிற ஸ்லாவாவை வேண்டாம் என்று சொன்ன மகன் இந்தப் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை.

பாதிரியார் போனதும் ஸ்தானா பாய்ந்தாள். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவன் நிக்கக் கூடாதுடா பாவி!"

"ஓடவா சொன்னேன்? நிக்கத்தானே சொல்றேன். நான் இருபது வருஷம் ஆலை மெஷினுக்கு முன்னால நின்னேன், எனக்கு என்ன ஆச்சு?"

"பரவால்லம்மா, கொஞ்ச நேரம்தானே, யாரு வரப்போறா" என்றான் வூலெ.

ஒன்பதரைக்கு முதல் ஆட்கள் வந்தார்கள். பத்து மணிக்குத் தெருவில் வண்டி நிறுத்த இடம் இல்லை. பேக்கரிக்காரன் வந்தான், பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள், பழைய ஆலை ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து மிலுன் ஜென்மத்தில் பார்த்திராதவர்கள் வந்தார்கள். "ஸ்லாவா நல்லா நடக்கட்டும் வீட்டுக்காரரே!" என்று ஒவ்வொருவரும் வூலெயைக் கட்டிப்பிடித்து மூன்று முத்தம் வைத்தார்கள். வாசலில் நின்று, சர்க்கரையும் அக்ரூட்டும் சேர்த்து வேகவைத்த கோதுமைத் தட்டை ஒவ்வொருவர் முன்னும் அவன் நீட்ட வேண்டும். அவர்கள் சிலுவைக் குறி போட்டு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொள்வார்கள். பிறகு கிண்ணம். பிறகு படம்.

"தம்பி, இன்னொரு தடவை சிரிங்க, கண்ணு மூடிருச்சு."

"தம்பி, இது என் கொழுந்தனார் பையன், இவன் காலையும் கொஞ்சம் பாருங்க, உங்களை மாதிரியே ஆடறான்."

"ஏம்பா, நம்ம தம்பி இவ்வளவு ஒல்லியா? டீவியில தடியாத் தெரிஞ்சான்!"

மிலுன் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வந்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷமாக விரித்து மடித்த மேஜை விரிப்பின்மேல் ஒயின் கொட்டிக் கறை பிடித்தது, அதைப் பார்க்கவே அவனுக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் என்றால் அவனுக்கு அன்றுதான் சந்தோஷம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு மணிக்கு வூலெ அப்பாவைச் சமையலறை மூலைக்கு இழுத்தான். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"அப்பா, ஒரு மணி நேரம் நீ நில்லு. நான் படுத்துட்டு வரேன். காலு விண்விண்ணுனு தெறிக்குது."

"இப்ப எப்படிப்பா? வந்தவங்க யாரைப் பாக்க வந்தாங்க? என்னையா?"

"நீதானேப்பா இத்தனை வருஷமும் வீட்டுக்காரன்."

"இப்ப நீதான். வீட்டுக்காரன் உக்காந்தா ஸ்லாவா உக்காந்துரும். இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ, ராசா. கூட்டம் குறையட்டும்."

பையன் போய் மறுபடி தட்டைத் தூக்கிக்கொண்டான். நொண்டக் கூடாது என்று ஏஜெண்ட் சொல்லியிருந்ததால் நொண்டாமல் நடந்தான். எப்படி முடிந்ததோ, கண்ணாடி முன் பழகிய அதே சிரிப்பையும் சிரித்தான்.

நாலு மணிக்குக் கூட்டம் வடிந்தது. உள்ளே இருபது பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்தானா யாரையும் கேட்காமல் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் படுக்க வைத்தாள், முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள். கட்டை அவிழ்த்தபோது முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. அவள் ஒரு துணியை நனைத்து வரப் போனாள்.

அப்போதுதான் ப்ளாகோயே வந்தார்.

தனியாக வந்தார். அறுபத்தேழு வயது, ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய ஆரஞ்சுப் பழம். வாசலில் பூட்ஸிலிருந்து சேற்றைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டு நின்றுபோயிற்று. பழைய ஆலை ஆட்கள் எல்லோருக்கும் அது என்ன என்று தெரியும். மிலுன் ஓடிப்போய் அவர் முன் நின்றான்.

"ஸ்லாவா நல்லா நடக்கட்டும்" என்றார் ப்ளாகோயே. "வீட்டுக்காரன் எங்கே?"

சும்மா கேட்டதுதான். வாசலில் யாரும் கேட்பது அது. நான்தான் என்று மிலுன் சொல்லியிருக்கலாம். பையனுக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறான் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் வீட்டுக்காரன் படுத்துக்கொண்டு வரவேற்ற வீடு என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால்? பதினோரு வருஷம் கழித்து வந்த மனிதர், அதைச் சாக்காக வைத்துத் திரும்பிப் போய்விட்டால்? மிலுன் பின்கட்டுக்கு ஓடினான்.

"எழுந்திரு, வூலெ. ப்ளாகோயே வந்திருக்காரு."

பையன் கண்ணைத் திறந்தான். "முடியலைப்பா."

"ஒரே ஒரு கிண்ணம். ஊத்திட்டு வந்து படுத்துக்கோ. எனக்காக. உன்கிட்ட வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எல்லோரும் அவனிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அப்பன் கேட்டது மட்டும் என்னவென்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எழுந்தான்.

ப்ளாகோயேவுக்குக் கோதுமை கொடுத்தான். அவர் முத்தம் வைத்தார். மேஜையில் இருந்த ரக்கியாவைப் பார்த்துவிட்டு மிலுன் கையை உதறினான். "இது வேணாம். நிலவறையில நீ பொறந்தப்ப போட்டு வெச்ச ஜாடி இருக்கு, அதைக் கொண்டுவா."

மகன் பிறக்கும்போது போட்டு, அவன் கல்யாணத்தில் திறக்கிற ரக்கியா அது. கூடியிருந்தவர்கள் 'ஆ' என்றார்கள். ப்ளாகோயே "அதெல்லாம் எதுக்கு" என்றார். வீட்டுக்காரன்தான் போய் எடுக்க வேண்டும் என்பது முறை. வூலெ சுவரைப் பிடித்துக்கொண்டு பதினாலு படி இறங்கினான். ஜாடி பத்து லிட்டர். ஏறும்போது நடுவில் எங்கோ முழங்கால் உள்ளே திரும்பிக்கொண்டது. மேலே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. நிலவறைக் கதவருகே நின்ற மிலுனுக்குக் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. பையன் ஜாடியை விடவில்லை. மீதிப் படிகளைக் கையாலும் ஒற்றைக் காலாலும் ஏறி வந்து, ஜாடியை மேஜைமேல் வைத்து, கிண்ணம் வழிய ஊற்றினான்.

"நல்ல சரக்கு" என்றார் ப்ளாகோயே. மிலுனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து குலுக்கினார்கள். அந்த நேரத்தில் வூலெ சமையலறையில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் சமையல் ஏப்ரனைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பெல்கிராட்டுக்குக் கொண்டுபோனார்கள். மிலுன் கூடப் போனான். கிளப் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். ஏஜெண்ட் ஜன்னல் ஓரம் நின்றான்.

"இது நான் அனுப்பின முழங்கால் இல்லை. சவ்வு மட்டுமில்லை, தசைநாரும் போயிருக்கு. என்னப்பா பண்ணினே?"

மிலுன் தொண்டையைக் கனைத்தான். அவன் சொல்ல வாய் திறந்தான் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறான். அதற்கு முன் பையன் முந்திக்கொண்டான்.

"முற்றத்துல ஐஸ் உறைஞ்சிருந்துச்சு டாக்டர். வழுக்கிட்டேன்."

டாக்டர் மிலுனைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

"ஆமா" என்றான் மிலுன்.

இரண்டு முறை கத்தி வைத்தார்கள். இத்தாலிக்காரர்கள் வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, இரண்டாம் பிரிவு அணி ஒன்றுக்கு வூலெ பதினோரு நிமிஷம் ஆடினான். முழங்கால் மறுபடி வீங்கியது. அதோடு சரி. ஏஜெண்டின் போன் நம்பர் மாறிவிட்டது. பேக்கரிக்காரன் பன்னின் பெயரை மாற்றவில்லை, பன்னையே நிறுத்திவிட்டான். ஊரில் பந்தயக் கடை வைத்திருந்தவன் வூலெயைக் கல்லாவில் உட்கார வைத்தான், முகத்துக்காகத்தான். நாள் முழுக்கக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடும் ஆட்டத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறான். தோற்றுப்போனவர்கள் கம்பிக்கு வெளியே நின்று அவனைக் கண்ணாடிக்கால் என்று கூப்பிடுவார்கள். அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஸ்தானா மிலுனை ஏசவில்லை. ஒரே ஒரு முறை, துணி காயப்போடும்போது, "பட்ட கால்லயே படும்பாங்க. நம்ம வீட்ல பட்ட கால்மேல நீயே ஏறி நின்னுட்டே" என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு சாப்பாட்டைப் பற்றியும் விறகைப் பற்றியும் மட்டும் பேசினாள்.

ஊர் மிலுனை வேறு விதமாகத் திட்டியது. உறைபனியில் வழுக்கினான் என்பது பேப்பரிலேயே வந்துவிட்டதே. அன்று பகலில் மிதித்தது சேறுதான் என்றாலும், ராத்திரி உறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். "ஏம்பா, பையன் வீட்ல இருக்கான்னு தெரியும்ல? வழுக்காம இருக்க முற்றத்துல ரெண்டு வாளி சாம்பல் அள்ளிப் போடக்கூடாது?" என்று சந்தையில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள், முடி வெட்டுகிற இடத்தில் கேட்டார்கள்.

"மறந்துட்டேன்" என்பான் மிலுன்.

மகனிடம் பேசப் பார்த்தான். "வூலெ, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தால், "விடுப்பா. ஐஸ்தான்" என்று எழுந்து போய்விடுவான். அவன் கோபப்பட்டிருந்தால், ஒரு அறை கொடுத்திருந்தால்கூட மிலுன் வாங்கிக்கொண்டிருப்பான். பையன் கொடுக்கவில்லை. ஸ்லாவாவுக்கு மட்டும் வருஷாவருஷம் ஆள் வந்தது. முன்னளவு இல்லை, பதினைந்து இருபது பேர். பரிதாபப்பட்டுத்தான் வந்தார்கள். ப்ளாகோயே தவறாமல் வந்தார். பழையபடி மிலுனே நின்று ஊற்றினான், அவர் குடித்தார், குடித்து முடிக்கிறவரை மிலுன் நிலவறைக் கதவின் பக்கம் திரும்பாமல் நின்றான்.

மூன்றாம் வருஷம் செப்டம்பரில், குளிர்காலத்துக்காக ஊரெல்லாம் சிவப்புக் குடைமிளகாய் சுடும் நேரத்தில், மிலுன் ப்ளாகோயே வீட்டு முற்றத்துக்குப் போனான். அவர் தகர அடுப்பின் முன் ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சுட்டதை எடுத்துத் தோல் உரிக்க ஆரம்பித்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கை நிக்காம சொல்லு, ரெண்டு மூட்டை இருக்கு."

"அன்னைக்கு எங்க முற்றத்துல ஐஸ் இல்லை. பையன் வழுக்கலை. மூணு வாரம் நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நிக்க வெச்சேன். நீங்க வந்தப்ப அவன் படுத்திருந்தான். முடியலைன்னான். நான்தான் எழுப்பினேன். அந்த ஜாடியைத் தூக்கிட்டு வரப்பதான் கால் போச்சு."

மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்த ப்ளாகோயேவின் முள்கரண்டி நின்றது.

"எதுக்கு எழுப்பினே?"

"நீங்க வந்தீங்க."

அடுப்பில் மிளகாய் கருக ஆரம்பித்தது. கிழவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், திருப்பவில்லை.

"எனக்குத் தண்ணி குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பேனே, மிலுன்."

"இப்பத் தெரியுது அண்ணே."

மிலுன் காத்திருந்தான். பல மாதம் யோசித்துத்தான் இங்கே வந்திருந்தான். ஊரில் தன்னைச் சரியாக எடைபோட்ட மனிதர் இவர் ஒருவர்தான். முப்பத்தொரு நாள் குளிரில் உட்கார்ந்தவர், பதினோரு வருஷம் படியேறாதவர், நியாயத்துக்கு வளைந்து கொடுக்காதவர். இவர் திட்ட வேண்டும். இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான்.

"திட்டுங்க அண்ணே. காறித் துப்புங்க."

ப்ளாகோயே முள்ளைக் கீழே வைத்தார்.

"நீ மறந்துட்டே. ஐஸ் இருந்துச்சு. வாசக் கதவுகிட்ட. நானே வழுக்கப் பாத்தேன், கம்பியைப் புடிச்சுத்தான் நின்னேன்."

"அன்னைக்கு வெயில் அடிச்சுது அண்ணே. உங்க பூட்ஸெல்லாம் சேறு. வாசல்ல தேய்ச்சீங்க."

"இருந்துச்சுங்கறேன்." மிலுனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வந்ததுனாலன்னு சொல்லாதே. இத்தனை வருஷம் நான் வராததுனாலன்னு சொல்லாதே. எனக்கு இனிமே எத்தனை நாள்? ஐஸ்னே இருக்கட்டும்டா, மிலுன்."

மிலுன் அவர் முகத்தைப் பார்த்தான். பிச்சை கேட்கிற முகம். வூலெயின் வாசலில் வந்து நின்ற ஆயிரம் பேரும் எப்படிக் கேட்டார்கள் என்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

"ஆமா அண்ணே" என்றான். "வாசக் கதவுகிட்ட இருந்துச்சு. நான்தான் சாம்பல் போட மறந்துட்டேன்."

கிழவர் தலையை ஆட்டினார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முள்ளை எடுத்தார். மிலுன் கருகிப்போன மிளகாய்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை உரிக்க ஆரம்பித்தான்.